ஏபி வண்டி வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் சமயத்தில் வளாகத்தைச் சுற்றிக்காட்டும் வேலை மாணவர்களுக்குத்தான். சூளகிரி தாண்டி குருபரப்பள்ளிக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையை ஒட்டிப் பாறையை உடைத்துச் சமன் செய்த இடத்தில் கட்டடங்கள் நிற்கின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். அவர்களை வாசலில் வரவேற்று, நூலகம், ஆய்வகம், விடுதி, சாப்பாட்டுக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் அட்மிஷன் அறையின் வாசலில் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். முதுகில் ‘ஸ்டூடன்ட் கைடு’ என்று அச்சடித்த நீலச் சட்டை ஒன்று கொடுப்பார்கள். ஒரு முறை துவைத்தால் எழுத்து உதிரத் தொடங்கும் சட்டை.

இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது நம்பர் பிளேட் பார்ப்பதைத்தான். வண்டி கேட்டுக்குள் திரும்பும்போதே யார் போவது என்று முடிவாகிவிடும். கேஏ என்றால் கன்னடம் பேசும் கைடு. ஏபி என்றால் தெலுங்கு பேசும் கைடு. டிஎன் என்றால் யார் வேண்டுமானாலும் போகலாம். டிஎன் எழுபது மட்டும் தகராறு. அது ஓசூர் வண்டி. ஓசூர் வண்டிக்குள் மூன்று மொழியும் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பின்சீட்டில் இந்தியும் இருக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் முதல் பேச்சு தமிழில்தான். அதன்பிறகு அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். எந்த மொழி காதில் விழுகிறதோ, சத்தமில்லாமல் அதற்கு மாறிக்கொள்வோம். யாரும் யாரையும் ‘உங்கள் மொழி என்ன’ என்று கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது, தெலுங்கும் கன்னடமும் தெரிந்த மாணவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று துறைக்கு ஒரு அறிவிப்பு வந்தது. என் வகுப்பில் பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒருத்திக்குச் சான்றிதழ் வேண்டும். ஒருவனுக்கு அட்டெண்டன்ஸ் வேண்டும். ஒருவன் மதியச் சாப்பாடு இலவசம் என்பதற்காகவே வந்தான், அதை மறைக்கவும் இல்லை. என் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெலுங்கு பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்பா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும்போது விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதோடு அம்மா வீட்டார் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். அம்மா அப்பாவிடம் தமிழில்தான் பேசுவாள். என்னிடம் தெலுங்கில் மட்டும். பக்கத்து வீட்டு நாயைக் கன்னடத்தில் விரட்டுவாள், கேஸ் சிலிண்டர்காரரிடம் தமிழில் சண்டை போடுவாள், திரும்பி வந்து அந்தக் கோபம் குறையாமல் என்னைத் தெலுங்கில் திட்டுவாள். அப்பாவுக்கு நாங்கள் பேசுவது எல்லாம் புரியும். ஆனால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டார். கேட்டால், “எனக்கு வாய்ல வராதும்மா, ஆள வுடு” என்பார்.

அம்மா பிறகு கம்பெனி வேலையை விட்டு, பாகலூர் ரோட்டில் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் ரோஜா வளர்க்கும் ஒரு பாலிஹவுஸுக்குப் போனாள். பூவை வெட்டி, முள் நீக்கி, ஒரே உயரமாகக் கட்டுக் கட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. விரல் முழுக்க கீறலாக இருக்கும். நான் கல்லூரிப் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் “தின்டிவா?” என்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். முதல் பாதியை அழுத்தி, கடைசியைப் பட்டென்று நிறுத்திவிடுவாள், கதவைச் சாத்துவது போல. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தாலும் அதே கேள்விதான். அவரிடம் எல்லாமே தமிழ், இந்த ஒன்று மட்டும் தெலுங்கு. அவர் தலையை ஆட்டுவார்.

நான் முதல் வருடம் முடிக்கும் சமயத்தில், ஒரு நாள் காலையில் அம்மா பாலிஹவுஸில் பூக்கட்டுகளுக்கு நடுவே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெங்களூருக்கு ஆம்புலன்ஸ். அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டும்போதே உயிர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். அம்மா வீட்டார் சாவுக்கு வந்தார்கள். அழுதார்கள். சாயங்காலம் போய்விட்டார்கள். அதன்பிறகு அவர்கள் எண்ணும் எங்களிடம் இல்லை, எங்கள் எண்ணும் அவர்களிடம் இல்லை.

அம்மா போனதோடு எங்கள் வீட்டில் தெலுங்கும் போய்விட்டது என்பது எனக்கு உடனே தெரியவில்லை. நானும் அப்பாவும் தமிழில் பேசிக்கொண்டோம். குடியிருந்த லைன் வீடுகளில் எல்லாரும் மதுரை, கடலூர், பீகார் என்று பிழைக்க வந்தவர்கள். பஸ் ஸ்டாண்டிலும் காய்கறிக் கடையிலும் தெலுங்கு காதில் விழத்தான் செய்யும். காதில் விழுவது வேறு, வாயைத் திறந்து பேச ஒரு ஆள் இருப்பது வேறு. ஒரு நாள் பால் பொங்கியது. என்னையறியாமல் தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டேன். பதில் வராத அந்த நொடியில்தான், அவள் செத்துப்போய்ப் பல வாரம் கழித்து, அடுப்பை அணைக்காமல் நின்று வாய்விட்டு அழுதேன்.

போனில் தேடினேன். அம்மா எனக்கு எப்போதும் கூப்பிட்டுத்தான் பேசுவாள், குரல் பதிவு அனுப்பும் பழக்கம் இல்லை. எங்கள் மூவருக்கும் இருந்த வாட்ஸப் குரூப்பில் ஒன்றே ஒன்று இருந்தது. “சிலிண்டர் வந்துட்டுது. சாவிய பக்கத்து வீட்ல குடுத்திருக்கறேன்.” அப்பாவுக்காகத் தமிழில் சொன்னது. என்னிடம் இருக்கும் அம்மாவின் குரல் அவ்வளவுதான், அதுவும் அவள் என்னிடம் ஒருநாளும் பேசாத மொழியில்.

இந்த நிலைமையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. கைடுகளைத் தேர்ந்தெடுத்த அட்மிஷன் அதிகாரி நெல்லூர்க்காரர். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பவர். “உங்க ஊரைப் பத்தித் தெலுங்குல சொல்லும்மா” என்றார். நான் அம்மாவிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

“இது எந்தக் காலத்துத் தெலுங்கும்மா? பாதி தமிழ், கொஞ்சம் கன்னடம், மிச்சம் எங்க கொள்ளுத்தாத்தா பேசினது!”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். “தப்பா எடுத்துக்காதே. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விஜயவாடாவுலேர்ந்து ஒரு டாக்டர் வந்தா அவருக்கு இது பத்தாது. நான் சொல்லித் தர்றேன், நீ ஒரு மாசத்துல புடிச்சுக்குவே” என்றார். அப்படியே செய்தார். பேச வேண்டியதைத் தெலுங்கில் சொல்லிப் பதிவுசெய்து என் போனுக்கு அனுப்பினார். தெலுங்குச் செய்தி பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ‘அண்டி’ சேர்க்க வேண்டும் என்றார். தமிழில் ‘ங்க’ என்கிறோமே, அந்த மாதிரி மரியாதை. எங்கள் வீட்டுப் பேச்சில் அது கிடையாது. அம்மா கலெக்டரே வந்தாலும் ‘ஏம்பா’ என்றுதான் ஆரம்பித்திருப்பாள். கல்லூரிப் பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவர் குரலோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் உட்காருபவள் நான் ஜபம் செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

என் முதல் குடும்பம் நெல்லூரிலிருந்து வந்தது. அப்பா, அம்மா, பேசவே பேசாத ஒரு பெண். கைடு எப்போதும் அவர்கள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும், அதுதான் விதி. நான் இரண்டு முறை பூந்தொட்டியில் மோதினேன். ஆனால் வாயை நிறுத்தவில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்ப ஓடும்போது குறுகுறுவென்று இருக்குமே, நாக்கு அப்படி இருந்தது. அந்தம்மா கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னேன். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, குளிர்காலத்தில் தளிப் பக்கம் எப்படிப் பனி இறங்கும், கிருஷ்ணகிரியில் மாம்பழச் சீசனில் பழக்கூழ் ஆலைப் பக்கம் போனால் சட்டையெல்லாம் எப்படி மணக்கும் என்று. நடுவே எங்கள் வீட்டுச் சொல் ஒன்று வாய் தவறி விழுந்தது. அந்தப் பேசாத பெண் களுக்கென்று சிரித்தாள். நான் உடனே சார் சொல்லிக்கொடுத்த சொல்லுக்கு மாற்றிக்கொண்டேன். போகும்போது அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டு, ரொம்ப நல்லாப் பேசுகிறாய் அம்மா என்றாள். அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும், உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு ஏபி வண்டி என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். வகுப்பின் நடுவே வாட்ச்மேன் ஜன்னலில் எட்டிப்பார்த்து “ஏபி வந்திருக்குது” என்பார், நான் எழுந்து போவேன். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பழகிவிட்டது. விடுதியில் ஒரு மாதிரி அறை உண்டு. யாரும் தங்காத அறை. புது மெத்தை, கசங்காத விரிப்பு, மேசையில் ஒரு பிளாஸ்டிக் செடி. கதவைத் திறந்து காட்டி, இதுதான் உங்கள் மகள் இருக்கப்போகும் அறை அண்டி என்று சொல்லிவிட்டு, அவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட வேண்டும். பின்பக்கமாக நடந்தாலும் இப்போது பூந்தொட்டியில் மோதுவதில்லை. வீட்டுச் சொற்கள் வாய் தவறி விழுவதும் நின்றுபோயிருந்தது. அது நின்றதை நான் கவனிக்கவில்லை.

அப்பாதான் கவனித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியிலிருந்து ஒரு மாணவியின் தந்தை விடுதி பற்றிக் கேட்டு என்னைப் போனில் கூப்பிட்டார். நான் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அப்பா மெதுவாக எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். வீட்டில் அந்த மொழி கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பேசி முடிக்கும்வரை போகவில்லை.

“இன்னா பாப்பா, டிவி போட்ட மாதிரி கீது” என்றார்.

“சார் சொல்லிக் குடுத்ததுப்பா. ஆந்திராவுல இப்படித்தான் பேசுவாங்க.”

“நல்லாத்தான் பேசற. உங்கம்மா பேசனா எனக்கு எல்லாம் புரியும்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “இது பாதி புரியல” என்று சொல்லிவிட்டு மறுபடி துணி மடிக்கப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. புரியாவிட்டால் நான் என்ன செய்வது என்று நினைத்தேன்.

போன மாம்பழச் சீசனில், வெயில் ஏறியிருந்த ஒரு முற்பகல், கேட்டுக்குள் ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. டிஎன் எழுபது. பின்பக்கம் தார்ப்பாயில் ரோஜாக் காம்புகள் ஒட்டியிருந்தன. ஓட்டிவந்தவர் வண்டியை நிழலில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவியும் மகளும் மட்டும் இறங்கினார்கள். வேறு கைடு இல்லாததால் நான் போனேன். வழக்கப்படி தமிழில் ஆரம்பித்தேன். அந்தம்மா நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தாள். தங்களுக்குள் அவர்கள் ஒன்றுமே பேசிக்கொள்ளவில்லை. பெரிய இடம் என்று கூச்சம்.

மாதிரி அறையைத் திறந்தேன். அந்தம்மா நான் மூடுவதற்குள் உள்ளே போய்விட்டாள். மெத்தையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். விரல் முழுக்க கீறல். மகளைத் திரும்பிப் பார்த்து, இதில் படுத்தால் நீ எங்கே எழுந்து படிக்கப்போகிறாய் என்றாள்.

அதைத் தெலுங்கில் சொன்னாள். என் அம்மாவின் தெலுங்கில். அதே அழுத்தம், அதே வெட்டு, நடுவே தமிழ் கலந்த அதே கலப்பு. நான் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். இதற்காகத்தானே இந்த நீலச் சட்டையை மாட்டினேன். இத்தனை மாதத்தில் வந்த எந்த ஏபி வண்டியிலும் வராதது லோடு வண்டியில் வந்து என் எதிரில் நின்றது.

நான் தெலுங்கில் பேசினேன். மெத்தை எல்லா அறையிலும் இப்படித்தான் இருக்கும் அண்டி என்றேன். என் காதிலேயே சார் குரல் கேட்டது.

அந்தம்மா சட்டென்று நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள். “அய்யோ, நீ தமிழ்லயே சொல்லும்மா. ஆந்திரா பொண்ணா நீ? அங்கத்து தெலுங்கு ரொம்ப ஸ்பீடு, எங்களுக்குப் பாதி புரியாது” என்றாள்.

நான் ஓசூர்தான், எங்கள் அம்மா பாகலூர்ப் பக்கம் என்று தெலுங்கிலேயே சொன்னேன். அம்மா சொல்வது போலச் சொல்லத்தான் பார்த்தேன். வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைக்கவேண்டியிருந்தது, அப்படியும் வாக்கியம் முடியும் இடத்தில் ‘அண்டி’ வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தம்மா “அப்படியா” என்று மரியாதைக்குச் சிரித்தாள். நம்பவில்லை. அவள் மகள் தாயின் காதருகில், “அக்கா சூப்பரா பேசறாங்க, ஆங்கர் மாதிரி” என்றாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் பார்வையாளர்களுக்குச் சாப்பாடு உண்டு. அவர்களை உட்காரவைத்துவிட்டு நான் தூணோரம் நின்றேன். பசி இருந்தது, ஆனால் எதுவும் இறங்காது என்று தோன்றியது. அந்தம்மா சோற்றில் கை வைத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு பெண் நின்றுகொண்டிருக்க தான் மட்டும் சாப்பிடுவது பொறுக்கவில்லை போலிருக்கிறது. யோசிக்காமல், வீட்டில் கேட்பது போலவே கேட்டுவிட்டாள்.

“தின்டிவா?”

“தின்னானண்டி” என்றேன். சாப்பிட்டுவிட்டேன் என்று பொய்யும் சொன்னேன், அதையும் அந்நிய ஊர்க்காரியாகச் சொன்னேன். அந்தம்மா தன் நாக்கைக் கடித்துக்கொண்டு, “மறந்தே பூட்டேன் பாரு. சாப்ட்டியாம்மா?” என்று எனக்காகத் தமிழில் இன்னொரு முறை கேட்டாள்.

அவர்களை அட்மிஷன் அறை வாசலில் விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா முதல் ஷிப்ட் முடித்து வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் நான் வைத்த புளிக்குழம்பு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “தின்டிவா?” என்று அவரைக் கேட்டேன்.

பிசைந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மறுபடி கேட்டேன். இன்னும் மோசமாக வந்தது.

“அப்பிடி இல்ல பாப்பா” என்றார். “நீ இழுக்கற. அவ இழுக்க மாட்டா.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னைப் பார்க்காமல், அடுப்பு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு, தன் வாயில் வரவே வராது என்று சொல்லிவந்த மொழியில், முதல் பாதியை அழுத்தி, கடைசியைக் கதவைச் சாத்துவது போலப் பட்டென்று நிறுத்திக் கேட்டார்.

அவர் வாயில் அப்படியே அம்மா கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர், ஒரு பிசிறில்லாமல் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறார்.

“எனக்கு இது ஒண்ணுதாம்மா தெரியும்” என்றார். கண் கலங்கியிருந்தது.

சாப்பிடவில்லை என்று தலையாட்டினேன். அவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம்விட்டார். இந்த இடத்தில், கை கழுவிக்கொண்டு வந்து உட்கார் என்று அம்மா அடுத்ததாகச் சொல்வாள். அது அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவள் சொல்வது போல வராது. நான் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.